அம்மாவுக்கு, கதிரின் புது ப்ராசஸர் பற்றி

என் உயிரான அம்மா,

நீ முதலில் கேட்கப்போவது எனக்குத் தெரியும். "கதிரு மாத்திரை போட்டானா?" போட்டான் அம்மா. என் கண் முன்னால்தான் போட்டான். வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டிவிட்டு, "இன்னாக்கா, நான் இன்னா கொழந்தயா?" என்று சிரித்தான். இதைச் சொல்லிவிட்டால்தான் மீதியை நீ நிதானமாகக் கேட்பாய்.

நம் வீட்டில் ஒரு பெரிய காரியம் நடந்திருக்கிறது. கதிரின் கம்ப்யூட்டருக்குப் புது ப்ராசஸர் வாங்கியிருக்கிறோம். பணத்தைப் பற்றிக் கேட்காதே, அதை விடு. ஒரு கம்ப்யூட்டர் சாமானுக்கு அம்மாவுக்கு ஒரு கடிதமா என்று மற்றவர்கள் நினைக்கலாம். நினைக்கட்டும். நீ போன பிறகு நான் எந்தப் பயத்தில் இருந்தேன் என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடிகிறது. யாரிடமும் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

உன்னோடு சேர்ந்து இதைப் படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கதிர் என் தம்பி. வலிப்பு உள்ளவன். ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் மெஷினில் நின்றிருந்தான். ஒருநாள் மெஷின் பக்கத்திலேயே விழுந்தான். கை தப்பியது பெரிய விஷயம். அதோடு கம்பெனியில் மரியாதையாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேறெங்கும் சேர்த்துக்கொள்ளவில்லை. அதன்பின் அவன் கம்ப்யூட்டரில் கேம் ஆடி, ஆடிக்கொண்டே பேசி, அதை ரெக்கார்ட் பண்ணிப் போட ஆரம்பித்தான். நம் ஆம்பூர்ப் பேச்சை அப்படியே பேசுவான். ஜனங்கள் கேட்டார்கள். நீ அவன் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருப்பாய். சில வீடியோவில் உன் இருமல் சத்தம் இன்னும் இருக்கிறது.

நீ போன பிறகு அந்தக் கட்டில் காலி. எனக்கு வேலைக்குப் போகாமல் முடியாது. காலையில் ஷிப்டுக்கு உள்ளே போனால் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். மதியம் சாப்பாட்டு பெல் அடித்தால்தான் கையில் கிடைக்கும். அதுவரை நான் செக்கிங் டேபிளில் நின்று ஷூ மேல்பாகத்தில் தையல் பிசிறு பார்த்துக்கொண்டிருப்பேன். கண் தையலில் இருக்கும். மனசு மட்டும் வீட்டில் ஒரு நாற்காலியைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அவன் அதில் உட்கார்ந்திருக்கிறானா, பக்கத்தில் கிடக்கிறானா?

அதனால் நானும் அவனும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். என் சாப்பாட்டு நேரத்தில் அவன் லைவ் போடுவான். கேம் ஓடும், மூலையில் சின்னக் கட்டத்தில் அவன் முகம் தெரியும். கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து நான் அந்தக் கட்டத்தை மட்டும் பார்ப்பேன். யாரைச் சுடுகிறான், எங்கே ஓடுகிறான், எதுவும் எனக்கு வேண்டாம். வாய் அசைகிறதா, கண் சிமிட்டுகிறதா, அவ்வளவுதான்.

ஒருநாள் அந்த முகம் அப்படியே நின்றுவிட்டது அம்மா.

பாதி திறந்த வாய். மேலே போன கண். சத்தம் இல்லை. அவனுக்கு வரும்போது அப்படித்தானே இருக்கும்? சாப்பாட்டை அப்படியே விட்டு கேட்டுக்கு ஓடினேன். ஆட்டோவில் ஏறி, ரயில்வே கேட் மூடியிருக்க, இறங்கி ஓடி, நம் சந்துக்குள் நுழைந்து கதவைத் தள்ளினால், அவன் மவுஸை மேசையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"இன்னாக்கா, லீவா?"

"நீ... படம் நின்னுப்போச்சு..."

"ஹேங்க்கா. ப்ராசஸர் பழசு. கேமும் ரெக்கார்டிங்கும் ஒண்ணா ஓட்டுனா தாங்காது."

ப்ராசஸர் என்றால் என்னவென்று அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு சின்னச் சில்லு. எல்லா வேலையும் அதுதான் செய்கிறது. அதற்குள் கோர் என்று சில பிரிவுகள். நம் கம்பெனி லைனில் நாலு டெய்லர் உட்கார்ந்த மாதிரி என்று வைத்துக்கொள். கேம் வந்தால் நாலு பேரையும் அதுவே இழுத்துக்கொள்ளும். ரெக்கார்ட் பண்ணுவதும், அவன் முகத்தை அனுப்புவதும், குரலை அனுப்புவதும் கூட அதே நாலு பேர்தான் செய்யணும். ஒரு கட்டத்தில் லைன் நின்றுவிடும். நின்றால் கதிரின் முகமும் நின்றுவிடும்.

எனக்குப் புரிந்தது. புரிந்தும் என்ன? அதன்பின் வாரத்தில் பாதி நாள் அந்த முகம் நின்றது. ஒவ்வொரு தடவையும் இது மெஷினா, இவனா என்று தெரியாது. போன் அடித்தால் எடுக்கமாட்டான், ஹெட்போன் மாட்டியிருப்பான். பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவுக்கு போன் போட்டு எட்டிப் பார்க்கச் சொல்வேன். அவள் இல்லாவிட்டால் ஓடுவேன். சூப்பர்வைசர் முதலில் பாவம் பார்த்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருநாள் கதிரே கத்திவிட்டான்.

"மிஷின் ஹேங் ஆவறதுக்கெல்லாம் நீ எழவு வீட்டுக்கு வர்ற மாதிரி ஓடியாறயேக்கா! சந்துல எல்லாரும் என்ன எப்பிடிப் பாக்குறாங்கன்னு தெரியுமா? பேஜாரா இருக்குது!"

அவன் சொன்னதும் நியாயம்தானே? ஆனால் நான் என்ன செய்யட்டும்? நீ இருந்திருந்தால் எங்கள் இருவருக்கும் நடுவில் ஏதாவது சொல்லியிருப்பாய். அவன் அன்றைக்கே மூலையில் இருந்த முகக் கட்டத்தை எடுத்துவிட்டான். கேமரா இல்லாவிட்டால் ப்ராசஸருக்குச் சுமை கம்மியாம், ஹேங்கும் ஆகாதாம். "கொரல் வருதுல்ல, அத வச்சிக்க" என்றான்.

குரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன். பிறகு ஒரு மதியம்.

அன்று அவனோடு ரிஸ்வானும் ஆடிக்கொண்டிருந்தான். ரிஸ்வானை உனக்குத் தெரியும், வாணியம்பாடியில் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிற பையன். ரம்ஜானுக்கு பிரியாணி கொண்டுவந்து உன் கையில் கொடுத்துவிட்டு வெட்கப்பட்டு நின்றவன். அங்கிருந்து அவன் ஆடுவான், இங்கிருந்து இவன். இரண்டு பேர் குரலும் லைவில் கேட்கும். கதிர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்தினான்.

"டேய் கதிரு," என்றான் ரிஸ்வான். "இன்னாடா, பேச மாட்ற?"

பதில் இல்லை.

"ஹேங் ஆய்டுச்சு போல," என்று சிரித்தான். லைவைப் பார்த்துக் கீழே எழுதுகிறவர்களும் வரிசையாக அதையே எழுதினார்கள். ஹேங், ஹேங், அண்ணன் மெஷின் மறுபடி ஹேங்.

நான் திரையைப் பார்த்தேன். படம் நிற்கவில்லை அம்மா. கேமில் கதிருடைய ஆள் நடந்துகொண்டே இருந்தான். ஒரு சுவரில் முட்டி, முட்டியபடியே நடந்துகொண்டிருந்தான். மழை பெய்துகொண்டிருந்தது, மரம் ஆடிக்கொண்டிருந்தது. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் நின்றிருந்தால் சுவரும் மழையும் நின்றிருக்கும். நின்றது மெஷின் இல்லை.

ஓடிப்போய் ஆட்டோவில் ஏறிக்கொண்டே மல்லிகா அக்காவைக் கூப்பிட்டேன். நல்லவேளை, வீட்டில் இருந்தாள். கதவுக்குத் தாழ் போடக்கூடாது என்று நீ வைத்த சட்டத்தை அவன் மீறியதில்லை. "விழுந்து கெடக்குறான்டி!" என்று அவள் அலறியது ஆட்டோ சத்தத்தையும் மீறிக் கேட்டது. "ஒருக்களிச்சுப் படுக்க வைக்கா, கைல வாயில எதுவும் குடுக்காத" என்று நான் கத்தினேன். அவள் கையில் இரும்புச் சாவிக்கொத்து இருந்தது, நான் வரும்போது பார்த்தேன். கொடுக்காமல் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

நாற்காலிக்கும் கட்டில் காலுக்கும் நடுவில் கிடந்தான். புருவம் கிழிந்து ரத்தம். உடம்பு ஒருமுறை அடங்கி மறுபடி இழுத்தது. ஒன்று முடிந்து நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று டாக்டர் உன்னிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன், வந்தது. ஹெட்போன் தரையில் கிடந்தது. அதற்குள்ளிருந்து ரிஸ்வான் குரல் சின்னதாக வந்துகொண்டே இருந்தது. "கதிரு? டேய், வெளயாடாதடா. கதிரு?"

வேலூர் வரைக்கும் அந்த ஹைவேயில் நான் அவன் மூச்சை மட்டும் பார்த்தேன். உன்னையும் அதே ரோட்டில்தான் கொண்டுபோனோம். உன்னைத் திருப்பிக் கூட்டிவரவில்லை. பள்ளிகொண்டா தாண்டும்போது எனக்கு ஒரே நினைப்பு: இந்த ரோடு நம் வீட்டு ஆளைத் திருப்பித் தருமா?

தந்தது. சாயங்காலம் கண் விழித்தான். நாக்கைக் கடித்திருந்தான், பேச வரவில்லை. டாக்டரம்மா கேட்ட பிறகுதான் உண்மை வெளியே வந்தது. காலை மாத்திரையை அவன் பல நாளாக விட்டிருக்கிறான். அது போட்டால் நாக்கு மந்தமாகுதாம், வீடியோவில் பேச்சு இழுக்குதாம். நன்றாகப் பேசுவதற்காக மாத்திரையை விட்டிருக்கிறான் அம்மா.

டாக்டரம்மா திட்டவில்லை. மந்தமாக்காத வேறு மாத்திரை எழுதினார்கள். கேம் ஆடலாமா என்று நானே கேட்டேன். கூடாது என்று சொல்லிவிட மாட்டார்களா என்ற ஆசையில்தான் கேட்டேன். அவர்களோ, பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இவனுக்குத் திரை வெளிச்சம் பட்டு வலிப்பு வருகிற வகை இல்லை, தூக்கம் கெடாமல், மாத்திரை விடாமல் அளவோடு ஆடட்டும் என்றார்கள்.

நான் அந்தப் பேச்சைக் கேட்டு நடக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரின் கரண்ட் ஒயரைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். தினமும் அதைக் கம்பெனிக்கு எடுத்துப்போனேன். பயம் குறையும் என்று நினைத்தேன். கதிர் சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். கேட்டால் ம் என்பான். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவான், எழுந்திரு என்றால் எழுந்திருப்பான். மல்லிகா அக்கா அடிக்கடி எட்டிப் பார்த்து "மூச்சு வுடறான்டி" என்று போனில் சொல்வாள். மூச்சு விடுகிறான், சரி. இது மட்டும் போதுமா? விழுந்து கிடப்பானோ என்று பயந்தவளுக்கு இப்போது இவன் இப்படியே கிடந்துவிடுவானோ என்று பயம்.

ரிஸ்வான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். என் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. அன்னிக்கு நான் சிரிச்சேன். ஹேங்னு நெனச்சி சிரிச்சேன். அது எனக்கு இன்னும் போவல."

"உம்மேல தப்பு இல்லடா."

"தப்பு அந்த மிஷின் மேலக்கா. எப்பப் பாத்தாலும் ஹேங் ஆனதால எது நெசம்னு எங்களுக்குத் தெரியாமப் போச்சு. ஹேங் ஆவாத ப்ராசஸர் போட்ருவோம். மொகம் எப்பவும் தெரியட்டும். நின்னா, உடனே கண்டுக்கலாம். ஒயர நீ பைல வச்சிக்கினு எத்தன நாளைக்கு சுத்துவ?"

கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த கதிரின் முதுகு அசைந்ததைப் பார்த்தேன். கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு வாணியம்பாடி போனோம். ரிஸ்வான் வேலை பார்க்கும் கடை பஜார் ரோட்டில் மாடியில். முதலாளி நசீர் பாய் நல்ல மனுஷர். சேர் போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். ப்ராசஸரை மட்டும் மாற்ற முடியாதாம், அது உட்காரும் போர்டையும் மெமரியையும் சேர்த்து மாற்ற வேண்டுமாம். அது சரி, எந்த ப்ராசஸர்? அங்கேதான் பேச்சு இழுத்தது.

கதிர் கண் வைத்தது பெரியது ஒன்றின் மேல். வீடியோவில் எல்லாரும் புகழ்கிற சாமான். நசீர் பாய் உதட்டைப் பிதுக்கினார். "அது நல்ல சாமான்தான் தம்பி. ஆனா சூடு ஜாஸ்தி. நம்ம ஊரு மே மாச வெயில்ல, ஏசி இல்லாத ரூம்ல வச்சா, சூட்டுக்கு பயந்து அதுவே வேகத்தக் கொறச்சிக்கும்." எனக்கு அந்தச் சூடு என்ற வார்த்தையே போதுமாக இருந்தது. ஓட்டு வீட்டில் அவன் தலைமாட்டில் இன்னொரு அடுப்பு வேண்டாம்.

மிச்சம் இரண்டு. ஒன்று ஆறு கோர், கேமில் வேகம். இன்னொன்று எட்டு கோர், கேமில் ஒரு நூல் கம்மி, ஆனால் சூடு அதிகம் ஆகாது. "கேம் மட்டும் ஆடறதுன்னா கண்ண மூடிக்கினு ஆறு கோர் எடுத்துக்கலாம்," என்றார் பாய். ரெக்கார்டிங் வேலையை, திரையில் படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டிடம் தள்ளிவிடவும் வழி உண்டாம். ஆனால் கதிரிடம் இருக்கும் கார்டு பழசு, அதில் தள்ளினால் படம் கலங்கிப்போகும் என்றான் ரிஸ்வான். கதிர் ஆறு கோர் பக்கம் சாய்ந்தான். வேகம் என்றால் அவனுக்கு விடுமா?

"பாய், எனக்கு வேகம் தெரியாது," என்றேன். "கேமு, ரெக்கார்டிங்கு, இவன் மொகம், இவன் கொரலு, நாலும் ஒண்ணா ஓடும்போது எது நிக்காது? அத மட்டும் காட்டுங்க."

கடையில் அந்த இரண்டு ப்ராசஸரும் போட்ட மெஷின்கள் டெலிவரிக்குத் தயாராக இருந்தன. ஓட்டிக் காட்டச் சம்மதித்தார். கதிர் உட்கார்ந்தான், கேமரா வைத்தார்கள். நான் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கி ரோட்டுக்குப் போய்விட்டேன். கேன்டீனில் பார்க்கிற மாதிரியே பார்க்க வேண்டும் எனக்கு.

பழக்கடை ஓரம் நின்று பார்த்தேன். முதலில் ஆறு கோர். நன்றாகத்தான் ஓடியது. பெரிய சண்டை ஒன்று வந்ததும் முகம் திக்கியது. ஒரு நொடி நின்று, குதித்து, மறுபடி நின்றது. மேலே ஏறிப்போய் இது வேண்டாம் என்றேன். பிறகு எட்டு கோர். மறுபடி கீழே வந்தேன். அதே சண்டை. திக்கவில்லை. நேரம் போனது. முகம் அசைகிறது, வாய் பேசுகிறது. என் தோள் மெல்ல இறங்கியது.

அப்போது முகம் நின்றது.

பாதி திறந்த வாய். மேலே போன கண். பின்னால் கேம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் எப்படிக் கத்தினேன் என்று தெரியாது. பழக்கடைக்காரர் தராசை வைத்துவிட்டு எழுந்தார். ஸ்கூட்டர் ஒன்று என் மேல் மோத வந்து நின்றது. மாடிப்படி பாதியில் கால் இடறி முட்டியில் விழுந்தேன். நிமிர்ந்தால் மேல்படியில் கதிர் நிற்கிறான். முழுசாக. ஹெட்போன் கழுத்தில் தொங்க.

"அக்கா... சும்மாக்கா. வெளயாட்டுக்கு ஆக்ட் பண்ணேன். நீ மேல வந்து திட்டுவன்னு..."

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அடிக்கவும் கை வரவில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்து, நீ போன அன்றுகூட அழாத அழுகையை அழுதேன். ரிஸ்வானும் பாயும் கதவோரம் வந்து நின்றார்கள், கிட்டே வரவில்லை. கதிர் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"தெனமும் இப்பிடித்தான் நடுங்குமாக்கா?"

"பெல் அடிச்சதுலர்ந்து."

அவன் எழுந்து மேலே போய், "பாய், எட்டு கோரே குடுத்துருங்க," என்றான்.

போன வாரம் ரிஸ்வான் வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தான். கரண்ட் போனால் அணையாமல் இருக்க பேட்டரிப் பெட்டியும் வைத்தாயிற்று. முதல் நாள் சாப்பாட்டு பெல் அடித்ததும் போனைத் திறந்தேன். கதிர் கேமை ஆரம்பிக்கவே இல்லை. கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்," என்றான். "எனக்கு வலிப்பு இருக்குது. இத்தன நாளா சொல்லல, வெக்கமா இருந்துச்சு. இது புது மிஷின், ஹேங் ஆவாது. என் மொகம் நின்னுச்சுன்னா அது மிஷின் இல்ல, நான். சிரிக்காதீங்க. ரிஸ்வானுக்குச் சொல்லுங்க, அவன் எங்கக்காவுக்குச் சொல்வான்."

கேன்டீனில் என் பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கீழே யார் யாரோ எழுதினார்கள். ஒடுகத்தூரிலிருந்து ஒருத்தி, தனக்கும் உண்டு, வீட்டில் வெளியே சொல்லவிடமாட்டார்கள் என்று எழுதியிருந்தாள். கதிர் அதைச் சத்தமாகப் படித்து, "நீ மாத்திரை போட்டியா?" என்று அவளைக் கேட்டான். உன் குரல் மாதிரியே இருந்தது அம்மா.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். முன்பு முகம் நின்றால், மெஷினாக இருக்கும் என்று பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. இனி நின்றால் அது அவன்தான். நல்ல ப்ராசஸர் என் பயத்தைக் குறைக்கவில்லை, சந்தேகத்தை மட்டும் எடுத்துவிட்டது. நேற்று அவன் தும்மும்போது கண்ணை மூடினான். அந்த ஒரு நொடியில் நான் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டேன். இது என்றைக்காவது போகுமா? உனக்குப் போயிருந்ததா? நீ அவன் பின்னால் பூ கட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது உன் கையும் நடுங்கியதா? நான் ஒருநாளும் உன் கையைப் பார்க்கவில்லையே.

பயப்படமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் இதைக் கொடுக்கிறேன். என் பயத்துக்காக அவன் வாயை இனி அடைக்கமாட்டேன். அவன் பேசட்டும் அம்மா, மூச்சு இருக்கிறவரை பேசட்டும். நடுங்கிக்கொண்டாவது நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் மூத்த மகள், கதிரோட அக்கா
தேவி